பிறைக்கொத்தளத்தின் மேல் ஒரு வீடு

எங்கள் டெரன்பர்க் நகரமன்றத்தில், மேயரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வரைபடம் தொங்குகிறது. செப்புத் தகட்டில் கூர் உளியால் கீறி, கீறலில் மை ஏற்றி, ஈரத்தாளில் அழுத்தி எடுத்த படம். முந்நூற்றுச் சொச்சம் வயது அதற்கு. ஊர் அதில் எட்டு முனை நட்சத்திரமாக இருக்கும். முனைக்கு ஒரு கொத்தளம், சுற்றிலும் அகழி, அகழித் தண்ணீருக்குப் பொடிப்பொடியாய் அலைக்கோடுகள். உள்ளே வீட்டுக்கு ஒரு கூரை, தோட்டத்துக்கு நாலு மரம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலாம் வகுப்பிலேயே இதைப் பார்க்காமல் வரைந்துவிடுவார்கள். ஒரு கொத்தளம் கோணினால் வாத்தியார் திரும்பப் போடச் சொல்வார்.

தாளில்தான் நட்சத்திரம். நிஜ ஊரில் அது போய் நூறு வருஷம் ஆகியிருந்தது. மதிலைச் சரித்து, அகழியைத் தூர்த்து, அதன்மேல் முட்டைக்கோசும் வீடுகளும் வளர்ந்துவிட்டன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம் நகரமன்றத்துக்கு ஒரு யோசனை வந்தது. செங்கல் சூளை மூடியாயிற்று, ஆற்றுப் படகுகளும் நிற்காமல் போகின்றன. இனி ஊரைப் பார்க்க நாலு பேர் வரவேண்டுமானால் பழைய கோட்டையை அந்தப் படத்தில் உள்ளபடியே திரும்பக் கட்டுவது.

தோண்ட ஆரம்பித்தார்கள். படம் எங்கே அகழி என்று சொன்னதோ அங்கே கறுப்புச் சேறு வந்தது. எங்கே சுவர் என்றதோ அங்கே செங்கல் வந்தது. ஓரடி ஈரடி வித்தியாசம், அவ்வளவுதான். ஆறு வருஷத்தில் ஐந்து கொத்தளம் எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் எந்தப் பேச்சுக்கும் கடைசி வார்த்தை "படத்துல இருக்கு" என்பதுதான். மேயர் கக்கூசுக்குப் போவதென்றாலும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார் என்று கறிக்கடைக்காரர் சொல்லுவார்.

ஆல்ச்சேயின் வீடு கிழக்கு வாசலுக்கு வெளியே இருந்தது. படத்தில் அந்த இடத்தில், அகழிக்கு அப்பால், தண்ணீர் சூழ்ந்த ஒரு பிறை வடிவ மேடு இருக்கும். வாசலுக்குக் காவலாகத் தனியே நிற்கும் பிறைக்கொத்தளம். பிறையின் நடு வயிற்றில், சரியாகச் சொன்னால் அவளுடைய அடுப்படி.

அறுபத்தொன்பதாம் வருஷம் செப்டம்பர் மாதம் அவளுக்குக் கடிதம் வந்தது. நானும் அவளும் அப்போது பள்ளிக்கூடம் துடைக்கிற வேலையில் இருந்தோம். ஒரே வாளியில் துணி பிழிந்தவர்கள். அதனால், கண்ணுகளா, நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி அவள் வாயால் கேட்டது.

ஆல்ச்சேக்கு ஐம்பத்தொன்பது வயது. வீட்டில் அவளும் அவளுடைய அண்ணன் ஹார்மெனும் மட்டும். ஹார்மென் கொத்து வேலை செய்தவன். இருபத்து நாலு வயதில் சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணில் தெறித்து இரண்டு கண்ணும் போயின. நாற்பது வருஷமாக அந்த வீட்டைக் கையாலும் காலாலும்தான் பார்க்கிறான். எந்தப் பலகை முனகும், எந்தக் கதவு மழைக்கு ஊதும், எல்லாம் அவனுக்குத் தெரியும். வீட்டுக்குள் அவனைப் பார்த்தால் கண் தெரியாதவன் என்று சொல்லமாட்டீர்கள். வீட்டைத் தாண்டி வாசலுக்கு வந்தால் ஆல்ச்சேயின் தோள் வேண்டும்.

கடிதத்தை அவள் வாசித்தாள். வீடு எடுக்கப்படும், பதிலுக்கு ஊரின் வடக்கே புதுக்குடியிருப்பில் உடனே ஒரு வீடு தரப்படும், அதற்கு முன்பு தோட்டத்தில் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பார்கள் என்று இருந்தது.

"திரும்பப் படி" என்றான் ஹார்மென்.

திரும்பப் படித்தாள்.

"கழுதைங்க. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்பெயின்காரன் வந்தான்னு கட்டினது. இப்ப யாரு வரப்போறான்? ஜெர்மன்காரன் கேரவன் வண்டியில வருவான், சுவத்துல நின்னு ஒண்ணுக்கு இருந்துட்டுப் போவான். அதுக்கு என் வீட்டை இடிக்கணுமா?"

"கத்தாத. சூப் ஆறிடும்."

"நான் நகரமாட்டேன். எழுது அவனுங்களுக்கு. ஹார்மென் நகரமாட்டான்னு எழுது."

"எழுதறேன்."

அவள் எழுதவில்லை. கடிதத்தை மடித்து ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். படுக்கப் போவதற்குள் மூன்று தரம் டப்பாவைத் தூக்கி, அது இருக்கிறதா என்று பார்த்தாளாம். பயத்தால் அல்ல. சந்தோஷத்தால்.

அந்த வீட்டை நீங்கள் பார்த்திருந்தால் அவளைத் தப்பாக நினைக்கமாட்டீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் மாஸ் ஆறு பெருகினால் கரை தாண்டி வராது, மண்ணுக்கு அடியில் வரும். அடுப்படிக் கல்லின் இடுக்குகளில் தண்ணீர் ஊறும். பாயை எடுத்தால் அடியில் குளம். காலையில் ஆறு வாளி, மாலையில் எட்டு வாளி. கரி வாளி தினமும் கொட்டகையிலிருந்து தூக்க வேண்டும். கூரை ஓடு வருஷத்துக்கு ஒரு முறை அவளே ஏறி மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் துடைத்துவிட்டு வந்து வீட்டில் துடைப்பாள். இளவயதில் ஒரு படகுக்காரர் இரண்டு வருஷம் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, கடைக்குப் போகிறேன் என்று ஹார்மெனிடம் சொல்லிவிட்டுப் புதுக்குடியிருப்பைப் பார்க்கப் போனாள். எங்களோடு வேலை பார்த்த ஒருத்திக்கு அங்கே வீடு கிடைத்திருந்தது. உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். வெந்நீர் வந்தது. கையை அதற்கடியில் வைத்தபடி நின்றாளாம். "போதும்மா, கேஸ் தீந்திடும்" என்று வீட்டுக்காரி சொல்லும்வரை நின்றாளாம்.

ஆனால் ஹார்மெனிடம் அதை எப்படிச் சொல்வது? நாற்பது வருஷமாக அவனுக்கு இருக்கிற ஒரே வெளிச்சம் அந்த வீடு. "எனக்கு முடியல, உன் வீட்டை விட்டுட்டுப் போகலாம்" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷம் வரவில்லை. இப்போது நகரமன்றமே சொல்லிவிட்டது. நகரமன்றம்கூட இல்லை, செத்துப்போன ஒரு செதுக்குக்காரன் சொல்லிவிட்டான். யாரையும் நோகடிக்காமல் கிளம்பிவிடலாம். எல்லாப் பழியும் படத்துக்கு.

இதற்குள் ஸ்டீன் புகுந்தாள்.

ஸ்டீன் எதிர்வீட்டுக்காரி. நல்லவள். நல்லவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம். கடிதம் வந்த மூன்றாம் நாள் ஒரு பலகையில் தாளைக் குத்திக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தாள். "குருடனின் வீட்டை இடிக்காதே" என்று தலைப்பு.

"குருடன்னா போட்ட?" என்றான் ஹார்மென்.

"பின்ன என்ன போடறது? பார்வைக் குறைவுள்ளவர்னா ஜனங்க கண்ணாடி வாங்கிக் குடுத்துடுவாங்க."

ஹார்மென் சிரித்தான். அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. "போடு, போடு. நல்லா பெரிசா போடு."

இருநூற்றுப் பதினாலு கையெழுத்து. கறிக்கடைக்காரர், இரண்டு தேவாலயங்களின் குருமார்கள், கொத்தளம் கட்டுகிற கூலிக்காரர்களே ஆறு பேர். கடைசியில் தாளை ஆல்ச்சேயிடம் நீட்டினாள் ஸ்டீன்.

"உன் பேரு இல்லாம இருந்தா நல்லா இருக்காது."

ஆல்ச்சே கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பள்ளிக்கூட நடையில் தரையைத் துடைத்துக்கொண்டே, "என்னை வெளிய போகவிடாதீங்கன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்தாள், மறுபடி நனைத்தாள், மறுபடி பிழிந்தாள்.

அக்டோபர் நடுவில் நிலஅளவைக்காரர் வந்தார். ஸ்நூக் என்று பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இருமிக்கொண்டே இருப்பார். ஆணை மெனெயர், பெண்ணை மெஃப்ராவ் என்று மரியாதையாகத்தான் அழைப்பார். அந்த மாகாணத்தில் இடிந்து கிடக்கிற கோட்டையூர்களை எல்லாம் அளந்து அளந்து முதுகு வளைந்தவர். அவரோடு மண்வெட்டிக் கூட்டத்தின் தலைவன் கோபுஸ், இன்னும் இரண்டு ஆட்கள்.

ஸ்நூக் கையில் படத்தின் நகல் ஒன்று இருந்தது. அடுப்படி மேசையில் விரித்தார். ஹார்மெனுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "மெனெயர் ஹார்மென், தொட்டுப் பாக்கிறீங்களா? செப்புத் தகட்டுல எடுத்த படத்துல மை கொஞ்சம் மேடா நிக்கும். சில பேருக்கு விரல்ல தெரியும்" என்றார்.

எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். நான் அன்றைக்குக் கரி வாளி தூக்கிக்கொடுக்க வந்திருந்தேன். ஹார்மென் உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்தான். மெதுவாக நகர்த்தினான். ஊர் முழுக்கப் போய்வந்தது அந்தக் கை.

"என்ன தெரியுது?" என்றார் ஸ்நூக், ரகசியம் கேட்பதுபோல.

"தாளு."

"வேற?"

"மேசை."

கோபுஸ் வெடித்துச் சிரித்தான். ஸ்நூக்கின் காது சிவந்துவிட்டது. "இது நகல்தான், அதனால இருக்கலாம்" என்று முனகிக்கொண்டு சுருட்டினார்.

தோட்டத்தில் குறுக்கே ஒரு நீளக் குழி. ஆள் உயர ஆழம், இரண்டு மண்வெட்டி அகலம். வெங்காயத்தாள் பாத்தியைப் பிளந்து, டாலியா வரிசையைப் பிளந்து, கொட்டகை வரைக்கும். டாலியாவை மட்டும் கோபுஸ் கிழங்கோடு பெயர்த்து ஓரமாக வைத்தான்.

"நட்டு வச்சுக்கங்கம்மா. புது வீட்டு வாசல்ல."

"புது வீட்டுக்கு வாசல் மட்டும்தான், தோட்டம் கிடையாது" என்றாள் ஆல்ச்சே. அவள் அதைச் சொன்ன வேகத்தில் கோபுஸ் நிமிர்ந்து பார்த்தான்.

ஹார்மென் பின்கதவில் முக்காலி போட்டு உட்கார்ந்து மண்வெட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். செங்கல்லில் இரும்பு பட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். கொத்து வேலை செய்த காது. ஆல்ச்சே உள்ளே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு, அவளும் அதே சத்தத்துக்குத்தான் காத்திருந்தாள். அந்தச் சத்தம் வரக்கூடாது என்று அவன், வர வேண்டும் என்று அவள். ஒரே வீட்டில், ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் மதியம் 'டங்' என்று கேட்டது. ஆல்ச்சே கத்தியோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன அது?" என்று ஹார்மென் கத்தினான்.

"சட்டி! யாரோ மூத்திரச் சட்டியைப் புதைச்சிருக்காங்க. உங்க தாத்தாவோடதா?" என்று குழிக்குள்ளிருந்து கோபுஸ் கத்தினான்.

"நான் குடிக்கிற காப்பி அதுலதான் வருதுன்னு நினைச்சேன்" என்றான் ஹார்மென்.

சாயங்காலம் கோபுஸ் குழிக்குள்ளிருந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து ஸ்நூக்கின் கையில் வைத்தான். நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண், வெண்ணெய் வெட்டியதுபோல் வழவழவென்று.

"பாத்துக்கங்க. மேல ஒன்றரை முழம் தோட்டத்து மண்ணு. அதுக்குக் கீழ இது. ஆறு கொண்டுவந்து போட்டது. இதை யாரும் தொட்டதே இல்ல. அகழி வெட்டித் தூத்திருந்தா கறுப்பா நாறும். மேடு போட்டிருந்தா அடுக்கு கலைஞ்சிருக்கும். இங்க ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல சார்."

"படத்துல இருக்கே" என்றார் ஸ்நூக்.

"படத்துல இருக்கு. மண்ணுல இல்ல."

ஸ்நூக் மூன்று வாரம் வரவில்லை. குழி அப்படியே கிடந்தது. மழைத் தண்ணீர் தேங்கிற்று. ஹார்மென் ஒவ்வொரு நாளும் ரேடியோவில் சதுரங்க ஆட்டம் கேட்டான், ஆட்டம் முடிந்ததும் "ஒண்ணும் இல்ல, ஒண்ணுமே இல்ல" என்று தனக்குள் சொல்லிச் சந்தோஷப்பட்டான். ஆல்ச்சே வெங்காயத்தாள் இல்லாமல் சூப் வைத்தாள்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, ஹார்மென் முடிவெட்டிக்கொள்ள ஸ்டீனின் வீட்டுக்குப் போயிருந்த நேரம், ஸ்நூக் தனியாக வந்தார். நகரமன்றச் சுவரிலிருந்து படத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பிறையை மட்டும் பெரிதாகப் புகைப்படம் எடுத்திருந்தார். மேசையில் வைத்து, பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்து ஆல்ச்சேயிடம் கொடுத்தார்.

"பிறையோட சரிவுக் கோடுங்க தெரியுதா? அதுக்கு நடுவுல பாருங்க. ரொம்ப மங்கலா."

ஆல்ச்சே குனிந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கோடுகளுக்கு அடியில் வேறு கோடுகள் தெரிந்தன. உருண்டை உருண்டையாக மரங்கள், இரண்டு வரிசை. ஒரு சின்னக் கூரை.

"செதுக்குறவன் தப்பு பண்ணினா, இல்ல மாத்தணும்னா, தகட்டைக் கவுத்துப் போட்டு முதுகுல தட்டுவான். பழைய கீறல் மேல எழும்பித் தட்டையாகும். அதைத் தேச்சுட்டுப் புதுசாக் கீறுவான். சரியாத் தேய்க்கலேன்னா பழசு இப்படிக் கொஞ்சம் நிக்கும். முதல்ல அவன் வரைஞ்சது தோட்டம். உள்ளதை வரைஞ்சான். அப்புறம் யாரோ சொல்லி அழிச்சுட்டுப் பிறையைப் போட்டிருக்கான்."

"யாரு சொல்லி?"

"நகரமன்றம். பழைய தீர்மானப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இந்தப் படம் செதுக்கின வருஷம் ஜனவரியில பிறைக்கொத்தளம் கட்டறதுன்னு தீர்மானம் போட்டிருக்காங்க. போட்ட கையோட செதுக்குறவனுக்கு ஆள் அனுப்பி, படத்துல சேத்துடுன்னு சொல்லிட்டாங்க. ஊரோட படம், ஊருக்குப் பெருமை. அப்புறம் ஸ்பெயின்காரனோட சமாதானம் வந்துடுச்சு. சமாதானத்துல யாரு கோட்டை கட்டுவா? விட்டுட்டாங்க. தகட்டைத் திருப்பி மாத்தச் சொல்ல யாருக்கும் தோணல."

"தீர்மானம் போட்டதையே கட்டினதா நினைச்சுட்டாங்க."

"ஆமா."

"அப்பவும் நம்ம நகரமன்றம் நகரமன்றமாத்தான் இருந்திருக்கு."

ஸ்நூக் சிரித்து, இருமினார். "மெஃப்ராவ், உங்களுக்கு நல்ல சேதிதான் கொண்டுவந்திருக்கேன். பிறை இல்ல. அறிக்கையில எழுதிட்டா உங்க வீட்டை யாரும் தொட முடியாது. திங்கக்கிழமை குடுக்கிறேன்."

ஆல்ச்சே பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். அவருக்குக் காப்பி ஊற்றினாள். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் கொடுத்தாள். மூடினாள். உட்கார்ந்தாள்.

"இருந்துதுன்னு எழுத முடியுமா?" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. "எது?"

"பிறை. இருந்துதுன்னு. ஒரு செங்கல்லு கிடைச்சுதுன்னு எழுதுங்க. நான் செங்கல்லு தரேன். கொட்டகையில பழைய செங்கல்லு கிடக்கு."

ஸ்நூக் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இருநூத்துப் பதினாலு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்களும் போட்டிருக்கீங்க" என்றார்.

"ஆமா, போட்டேன்."

அவள் அவருக்கு எல்லாம் சொன்னாள். வாளிகள், கரி, ஓடு, வெந்நீர்க் குழாய். வேறு ஊர்க்காரர் என்பதால் சொல்ல முடிந்தது. ஸ்நூக் கடைசியில் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"நான் இருபது வருஷமா இல்லாத சுவத்தையும் இருக்கிற சுவத்தையும் பிரிக்கிற வேலை பாக்கறேன். அதை மட்டும்தான் ஒழுங்காப் பண்றேன். அதைக் கேக்காதீங்க."

"சரி."

"நீங்க போகணும்னா போங்களேன் மெஃப்ராவ். அதுக்கு எதுக்கு ஒரு கோட்டை?"

அவர் போன பிறகு அந்தக் கேள்வி மட்டும் வீட்டில் இருந்தது என்றாள் என்னிடம். அடுப்பு ஊதும்போதும் இருந்தது, படுக்கை விரிக்கும்போதும் இருந்தது.

அடுத்த புதன்கிழமைக்குள் சேதி ஊருக்கே தெரிந்துவிட்டது. ஸ்டீன் ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்தச் சின்ன அடுப்படியில் நெருக்கியடித்து நின்றோம். ஹார்மென் புது முடிவெட்டோடு, கழுத்தில் துண்டு சுற்றி, சுருட்டுப் பிடித்தபடி ராஜாவாக உட்கார்ந்திருந்தான்.

"என்னால கண்டுபிடிக்க முடியலன்னு சிரிச்சீங்களே. நான் என்ன சொன்னேன்? தாளுன்னேன். தாளுதானே? மூணு வாரம் ஆச்சு அவனுங்களுக்கு, நான் ஒரு தடவல்ல சொன்னதைக் கண்டுபிடிக்க!"

எல்லோரும் கைதட்டினோம். ஆல்ச்சே கேக் வெட்டிக் கொடுத்தாள். "நீயும் உக்காருடி" என்று ஸ்டீன் சொன்னாள். "உக்காரறேன்" என்றாள். உட்காரவில்லை. எல்லோரும் போன பிறகு தட்டுகளைக் கழுவ அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கரி தீர்ந்திருந்தது. வாளியை எடுத்தாள். பின்கதவு வரைக்கும் போனாள். குழியைச் சுற்றிப் போக வேண்டும், மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கேயே வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஹார்மென்."

"ம்."

"பிறை இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது."

அவன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான்.

"என்ன சொல்ற?"

"எனக்கு முடியல. இந்த வீடு எனக்கு முடியல. கடுதாசி வந்தப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

ரேடியோ மெதுவாக ஏதோ பாடிக்கொண்டிருந்தது. ஹார்மென் கையை நீட்டி, தடவாமல், நேராகப் பொத்தானைத் திருப்பி அணைத்தான்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா நீ என்கிட்ட நடிச்சிருக்க."

"நடிக்கல. வாளி தூக்கிட்டிருந்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

ஹார்மென் பொய் சொல்லத் தெரியாதவன், அது ஒன்று அவனிடம் உண்டு.

"முடியாதுன்னு சொல்லியிருப்பேன்" என்றான்.

"அதான்."

"நீ போ. உனக்கு வேணும்னா போ. நான் இங்கதான் இருப்பேன்."

"சரி" என்றாள் ஆல்ச்சே. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அந்தச் 'சரி' எவ்வளவு சுலபமாக வந்தது என்று. "நாளைக்குப் புதுக்குடியிருப்புல இடம் கேட்டு வீட்டு அலுவலகத்துல எழுதிக் குடுக்கப் போறேன்."

தட்டுகளைப் பச்சைத் தண்ணீரிலேயே கழுவினாள்.

மறுநாள் காலை அவள் கோட்டு போடும்போது ஹார்மெனும் போட்டுக்கொண்டிருந்தான். பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான். அவள் சரிசெய்ய வரவில்லை, அவனே கண்டுபிடித்துச் சரிசெய்தான்.

"நீ எங்க?"

"நீ சொல்றதைக் கேக்கணும். அங்க போயும் நகரமன்றம் சொல்லுச்சு, படம் சொல்லுச்சுன்னு சொல்றியா பாக்கணும்."

அவளுடைய தோளில் கை வைத்தான். அழுத்தமாகவே வைத்தான். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஊரைக் கடந்து போனதை நான் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

வீட்டு அலுவலகத்தில் ஒரு பெண் படிவம் எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். பெயர், முகவரி எழுதியானபின், "காரணம்?" என்று கேட்டாள். "வீடு இடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டேனே, அதைப் போடட்டுமா? அதுன்னா உடனே கிடைக்கும்."

"இடிக்கல. அது இல்லைன்னு ஆயிடுச்சு."

"அப்ப உடம்பு சரியில்லையா?"

"இல்ல."

"வீடு வாழ லாயக்கில்லைன்னு ஆய்வாளர் சீட்டு ஏதாவது?"

"இல்ல."

"பின்ன என்ன காரணம்னு எழுதறது?"

ஆல்ச்சேக்குப் பின்னால் ஹார்மென் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குக் களைச்சுப் போச்சு" என்றாள் ஆல்ச்சே.

அந்தப் பெண் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே."

"ஓரத்துல எழுதிக்குங்க."

ஓரத்தில் எழுதினாள். "காரணம் இல்லாத பட்டியல்லதான் சேக்கணும். பதினெட்டு மாசம் ஆகும். கூடவும் ஆகலாம்."

பதினெட்டு மாதம். இரண்டு பிப்ரவரி வரும், இரண்டு மார்ச் வரும். ஆல்ச்சே தலையசைத்தாள்.

"எத்தனை பேருக்கு?"

இதற்குப் பதில் தன் வாயால் வரக்கூடாது என்று ஆல்ச்சே உதட்டைக் கடித்துக்கொண்டாளாம். அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தனையாவது மாடி?" என்றான் ஹார்மென்.

"இப்ப கட்டறதெல்லாம் ரெண்டாவதும் மூணாவதும்தான். ரெண்டாவதுன்னா முப்பத்திரண்டு படி."

"கைப்பிடி உண்டா?"

"உண்டு. இடது பக்கம்."

"ரெண்டு பேருன்னு எழுதுங்க" என்றான் ஹார்மென், எரிச்சலோடு. "இடதுன்னா, ஏறும்போதா, இறங்கும்போதா?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கையைக் காற்றில் நீட்டி, இல்லாத படியில் ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்தாள்.